அம்மாவின் போன்: பிள்ளைகளின் கைக்குக் கருவி வந்துசேர்ந்த வழி

மாலை ஏழு மணிக்குத் தமிழ்நாட்டின் எத்தனையோ வீடுகளில் ஒரே ஒரு ஸ்மார்ட்போனுக்காக இழுபறி நடக்கிறது. பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்த்து எழுத மூத்தவளுக்கு அது வேண்டும். இளையவன் வாயைத் திறந்து இரண்டு கவளம் சாப்பிட அதில் கார்ட்டூன் ஓட வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் அப்பா அழைக்கும் நேரமும் அதுதான். குழந்தைகளிடம் மின்னணுக் கருவிகளின் பயன்பாடு பெருகிவருவதைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் தனி அறையும் தனி டேப்லெட்டும் உள்ள ஒரு குழந்தையை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. நம் ஊரில் அத்தகைய குழந்தைகள் குறைவு. இங்கே பிள்ளைகள் பார்ப்பது பெரியவர்களின் போன். அதிலுள்ள சிம் பெரியவர் பெயரில் வாங்கியது. யூடியூப் கணக்கும் பெரியவருடையது. இந்த ஒரு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்காமல் போனால், எத்தனை மணி நேரம் பார்க்கலாம் என்ற மருத்துவ அறிவுரையும் குழந்தைகளைக் காக்க வந்த சட்டமும் எங்கே தட்டுகின்றன என்பது விளங்காது.

திரை தமிழ் வீட்டுக்குப் புதியதன்று. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 2006-இல் தமிழக அரசே வீடுதோறும் இலவச வண்ணத் தொலைக்காட்சி வழங்கத் தொடங்கியது. 2011-இல் மேல்நிலைப்பள்ளி, கல்லூரி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வந்தது. ஒரு தலைமுறைக்குள் அரசின் கையாலேயே இரண்டு வகைத் திரைகள் குடிசை வரைக்கும் சென்ற மாநிலம் இது. ஆனால் தொலைக்காட்சிக்கு வீட்டில் ஓர் இடம் உண்டு. அது ஓடினால் எல்லோருக்கும் தெரியும், என்ன ஓடுகிறது என்பதும் தெரியும். மடிக்கணினி பதினேழு வயதை ஒட்டியவர்களுக்குத் தரப்பட்டது. ஸ்மார்ட்போனுக்கு இடமும் இல்லை, வயதும் இல்லை. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டாவின் விலை சரிந்த பிறகு, அதில் படம் ஓடுவதற்குக் காசு கணக்குப் பார்க்க வேண்டிய தேவையும் போயிற்று. அதுவரை ‘நெட் தீர்ந்துவிடும்’ என்பதே பிள்ளைகளிடம் போனைக் கொடுக்காமல் இருக்கச் சொல்லப்பட்ட வலுவான காரணம் என்பதை இப்போது பலர் மறந்திருப்பார்கள்.

எண்கள் இந்த மாற்றத்தின் வேகத்தைக் காட்டுகின்றன. பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்தியக் கிராமங்களில் பிள்ளைகளின் கல்வி நிலையை அறிய நடத்தும் அசர் ஆய்வின்படி, பள்ளியில் சேர்ந்துள்ள பிள்ளைகளின் வீடுகளில் ஸ்மார்ட்போன் இருந்தவை 2018-இல் 36.5 விழுக்காடு. 2020-இல் அது 61.8 விழுக்காடாகவும், 2021-இல் 67.6 விழுக்காடாகவும் உயர்ந்தது. அதே 2021 அறிக்கையில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தலைப்புச் செய்திகளில் அது அதிகம் வரவில்லை. வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்த பிள்ளைகளிலும் ஏறத்தாழ கால்வாசிப் பேருக்குத்தான் படிப்பதற்கு எப்போதும் அது கிடைத்தது. பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்குச் சில நேரங்களில் மட்டும் கிடைத்தது, 26.1 விழுக்காட்டினருக்குக் கிடைக்கவே இல்லை. வீட்டில் போன் இருப்பதும் பிள்ளையிடம் போன் இருப்பதும் ஒன்றன்று. பகலில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும் கருவி, இரவில்தான் பிள்ளையின் கைக்கு வருகிறது.

2018-க்கும் 2021-க்கும் இடையே நடந்தது என்ன என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் தமிழகப் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் 2021 ஜனவரியில் திரும்பினார்கள். இரண்டாம் அலையில் மறுபடியும் மூடி, ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை 2021 செப்டம்பர் 1-ஆம் நாளும், ஒன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பர் 1-ஆம் நாளும் திறக்கப்பட்டன. மூடியபோது யு.கே.ஜி.யில் இருந்த குழந்தை வகுப்பறைக்குத் திரும்பியபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. இடைப்பட்ட காலத்தில் பள்ளி என்பது அந்தக் குழந்தைக்கு ஒரு திரை. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் என்று இறங்கின. இரண்டுக்கும் நடுவில் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவாக இருந்தது வாட்ஸ்அப். நகையை அடகு வைத்துப் போன் வாங்கிய குடும்பங்களை அக்காலத்தில் நாம் எல்லோரும் பார்த்தோம். அதுவரை ‘போனைத் தொடாதே’ என்று சொல்லிவந்த பெற்றோர், ‘போனை எடுத்து உட்கார்’ என்று சொல்ல வேண்டியதாயிற்று. பிள்ளை அடம்பிடித்து வாங்கிய கருவி என்று இதைச் சொல்வது நியாயமாகாது. பெரியவர்கள் கூடி முடிவெடுத்துக் கொடுத்தது.

அதே ஆண்டில் நடந்த இன்னொன்று அதிகம் பேசப்படுவதில்லை. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு டிக்டாக்கைத் தடை செய்தது. முந்தைய ஆண்டு ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்குத் தடை விதித்து, சில வாரங்களில் விலக்கிக்கொண்டிருந்தது. 2020-இல் வந்த தடை நிலைத்தது. ஆனால் தடை வந்த பத்து நாட்களுக்குள் இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைக் கொண்டுவந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில் சோதித்துப் பார்த்தது. டிக்டாக் தனிச் செயலி. அதை அழித்துவிடலாம், ஏற்றாமலும் இருக்கலாம். யூடியூபை அப்படிச் செய்ய முடியாது. பாடமும் அங்கேதான் இருக்கிறது. ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தைத் தேடிப் போகும் பிள்ளை, கீழே ஒரு விரல் தள்ளினால் முடிவில்லாத குறுங்காணொளிகளில் போய் விழும்படி இரண்டும் ஒரே வீட்டின் இரு அறைகளாக அமைந்துவிட்டன. 2024-ஆம் ஆண்டு அசர் அறிக்கையில், 14 முதல் 16 வயதுக்குட்பட்டவர்களில், முந்தைய வாரத்தில் ஸ்மார்ட்போனைப் படிப்பு தொடர்பாகப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 57 விழுக்காடு. சமூக ஊடகங்களுக்குப் பயன்படுத்தியதாகச் சொன்னவர்கள் 76 விழுக்காடு. பிள்ளைகளின் ஒழுங்கீனத்துக்கு இது சான்று என்று படிப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு இது கட்டட அமைப்பின் விளைவாகவே படுகிறது.

அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது என்பதைச் சிறிது நின்று பார்க்க வேண்டும். ஒரு காணொளியை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதையே பரிந்துரைக்கு முதன்மை அளவாகக் கொள்ள யூடியூப் 2012-இல் முடிவு செய்தது. படைப்பவர் அதற்கேற்பப் படைக்கிறார்; ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடுகிறது. குழந்தைகளுக்கான உலகின் மிகப் பெரிய யூடியூப் அலைவரிசைகளுள் ஒன்றான சுசு டிவி 2013-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது என்பதை வைத்துப் பார்த்தால், இது எங்கோ தொலைவில் நடக்கும் தொழில் அன்று. 2019-இல் அமெரிக்க வணிக ஆணையம், சிறுவர்களின் தரவைப் பெற்றோர் ஒப்புதலின்றித் திரட்டியதாகக் கூகுள் மீது தொடுத்த வழக்கு 17 கோடி டாலரில் முடிந்தது. அதன் பிறகு, குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட காணொளிகளில் பார்ப்பவரின் பழக்கத்தை வைத்துக் குறிவைக்கும் விளம்பரங்களும் கருத்துரைப் பகுதியும் நீக்கப்பட்டன. நல்ல மாற்றம்தான். ஆனால் அம்மாவின் கணக்கில், அம்மா காலையில் பார்த்த சமையலும் சீரியல் துணுக்கும் அப்பா பார்த்த அரசியல் சண்டையும் பிள்ளையின் பொம்மைப் பாட்டோடு கலந்துதான் அடுத்து என்ன என்ற பட்டியல் உருவாகிறது. மூன்று வயதுக் குழந்தையின் விரல் எதைத் தொடும் என்பது அந்தக் கலவையைப் பொறுத்தது. சிறுவர்களுக்கென்று தனியாக யூடியூப் கிட்ஸ் செயலி இருக்கிறது. அதை ஏற்றி, பூட்டி, வயதைக் குறித்து வைக்க வேண்டும். போனில் இடம் இல்லை என்று வாட்ஸ்அப் படங்களை வாரம் ஒருமுறை அழித்துக்கொண்டிருப்பவர்களிடம் இன்னொரு செயலியை ஏற்றச் சொல்வது எளிதன்று.

எல்லா வயதையும் ஒன்றாகப் பேசுவதால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பற்றிய பேச்சு தேய்ந்துபோகிறது. உண்மையில் உறுதியான அறிவு மிகுதியாக இருப்பது அங்கேதான். உலக சுகாதார நிறுவனம் 2019 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரை வேண்டியதில்லை; இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. இந்தியக் குழந்தை மருத்துவர் கழகமும் இரண்டு வயது வரை திரை வேண்டாம் என்கிறது. ஆனால் ஒரு விலக்கைச் சேர்க்கிறது: உறவினரோடு வீடியோ காலில் பேசலாம். அதே போன், அதே ஐந்தங்குலக் கண்ணாடி. ஒன்று கூடாது, ஒன்று கூடும். ஏன்?

இதற்கு விடை தரும் ஆய்வு 2003-இல் வெளிவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பேட்ரீசியா கூல், ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீனமொழி பேசுபவர்களை வைத்துக் கதையும் விளையாட்டுமாகச் சில அமர்வுகள் நடத்தினார். நேரில் பேசக் கேட்ட குழந்தைகள், ஆங்கிலத்தில் இல்லாத சீன ஒலிகளைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள், அதே பொருள்கள், அதே அளவு நேரம் திரையில் காட்டப்பட்ட குழந்தைகள் எதையும் கற்கவில்லை. குழந்தைக்கு மொழி வருவது ஒலியால் மட்டும் அன்று. தான் பார்க்கும் திசையில் எதிராளியும் பார்ப்பதாலும், தான் ‘ங்கா’ என்றால் எதிரே ஒருவர் பதிலுக்கு ஏதோ சொல்வதாலும் வருவது. பின்னர் நடந்த ஆய்வுகள், திரையில் இருப்பவர் குழந்தைக்கு உடனுக்குடன் பதில் சொன்னால் இரண்டு வயதையொட்டிய குழந்தை திரை வழியாகவும் சொல் கற்கிறது என்று காட்டின. துபாயிலிருந்து அழைக்கும் அப்பா ‘மூக்கு எங்கே?’ என்று கேட்டு, பிள்ளை மூக்கைத் தொட்டதும் சிரிக்கிறார். பொம்மைப் பாட்டு சிரிப்பதில்லை. எத்தனை முறை மூக்கைத் தொட்டாலும் அது தன் போக்கில் அடுத்த வரிக்குப் போய்விடும்.

சோறூட்டும் நேரத்துக்கும் இதே கணக்குப் பொருந்தும். நிலாவைக் காட்டி ஊட்டியதும் போனைக் காட்டி ஊட்டுவதும் ஒன்றுதானே, இரண்டும் பராக்குக் காட்டுவதுதானே என்று கேட்பவர்கள் உண்டு; கேட்கத் தகுந்த கேள்விதான். நிலாவுக்கு ஒலியில்லை, அசைவில்லை. அதைக் காட்டி ஒருவர் பேசினால்தான் அது வேடிக்கை. பேசுபவர் குழந்தையின் முகத்தையும் பார்த்துக்கொண்டிருப்பார். வாயை இறுக்கிக்கொண்டால் வயிறு நிறைந்துவிட்டது என்று தெரியும். போன் ஓடும்போது வாய் தானாகத் திறக்கிறது, தானாக மூடுகிறது, கிண்ணம் காலியாகிவிடுகிறது. பசிக்கும், ‘போதும்’ என்பதற்குமான குறிப்பைக் குழந்தையிடமிருந்து வாங்கி ஊட்டுவதை உலக சுகாதார நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு இணையுணவு வழிகாட்டுதல் வலியுறுத்துவது இதனால்தான். இதைச் சொல்லும்போதே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் நிலாவைக் காட்ட அத்தையோ பாட்டியோ இருந்தார்கள். எட்டு மணி நேரம் கார்மெண்ட்ஸில் நின்றுவிட்டு வந்து சமைத்து, துவைத்து, ஊட்டும் ஒருத்தியிடம் நிலாவைக் காட்டச் சொல்லும் அறிவுரையில் ஓர் ஆள் குறைகிறார்.

பேச்சு தாமதமாகும் குழந்தைகளின் பெற்றோரிடையே இப்போது, திரை பார்ப்பதால் வருவதாகச் சொல்லப்படும் ‘விர்ச்சுவல் ஆட்டிசம்’ என்ற சொல் பரவியிருக்கிறது. அப்படியொரு நோய் மருத்துவ வகைப்பாடுகளில் இல்லை. ஆட்டிசம் மூளை வளர்ச்சி சார்ந்தது; போன் பார்த்ததால் அது வருவதாக நிறுவப்படவில்லை. நாள் முழுதும் திரைமுன் இருக்கும் குழந்தைக்குப் பேசிப் பழகும் வாய்ப்பு குறைவதும், அதனால் பேச்சு பின்தங்கக்கூடும் என்பதும் வேறு செய்தி. இரண்டையும் குழப்புவதால் இரண்டு கேடுகள் விளைகின்றன: குற்றம் முழுவதும் தாயின் மேல் விழுகிறது, ‘போனை நிறுத்தினால் சரியாகிவிடும்’ என்று மதிப்பீட்டுக்கு அழைத்துச் செல்வது மாதக்கணக்கில் தள்ளிப்போகிறது.

கண்ணைப் பற்றியும் இப்படி ஒரு திரிபு இருக்கிறது. கண்ணாடிக் கடைகளில் நீல ஒளியைத் தடுக்கும் வில்லைக்குத் தனி விலை சொல்கிறார்கள். திரையின் நீல ஒளி பிள்ளைகளின் விழித்திரையைக் கெடுக்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லை. படுக்கைக்கு முன் அந்த ஒளி உறக்கத்தைத் தள்ளிப்போடும் என்பது வேறு. கிட்டப்பார்வை பெருகுவதில் உறுதியாகத் தெரிவது, வெட்டவெளியில் கழியும் நேரத்தின் பங்கு. பகலில் வெளியே வெளிச்சம் பல்லாயிரம் லக்ஸ். வீட்டுக்குள் சில நூறு. சீனாவின் குவாங்சோவில் 12 பள்ளிகளில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வில், முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே வகுப்பு வைத்தார்கள். மூன்றாண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 விழுக்காடு, மற்றவற்றில் 39.5 விழுக்காடு. யாருடைய போனையும் பிடுங்காமல் கிடைத்த வேறுபாடு இது. நம் பள்ளிகளில் பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் கடன் வாங்கிக்கொள்ளும் வழக்கத்தையும் கண்ணைக் கெடுப்பவற்றின் பட்டியலில் சேர்க்கலாம்.

பதின்வயதுக்கு வரும்போது ‘அம்மாவின் போன்’ இரண்டாகப் பிரிகிறது. 2023-ஆம் ஆண்டு அசர் ஆய்வில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 18 வயதுக்குட்பட்டவர்களுள், தமக்கென்று சொந்தமாகப் போன் வைத்திருந்த ஆண் பிள்ளைகள் 43.7 விழுக்காடு, பெண் பிள்ளைகள் 19.8 விழுக்காடு. மகனுக்குப் பேட்டர்ன் லாக் போட்ட தனிப் போன். மகள் அம்மாவின் போனை வாங்கி, பார்த்ததையெல்லாம் அழித்துவிட்டுத் திருப்பித் தருகிறாள். எல்லோரும் கவலைப்படுவது மகளைப் பற்றி. யாரும் எட்டிப் பார்க்காத திரை மகனுடையது.

சட்டங்களுக்கு வருவோம். ஆன்லைன் சூதாட்டத்துக்கு எதிராகத் தமிழ்நாடு 2022-இல் சட்டம் இயற்றியது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறைகள், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தடை விதித்து, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை யாரும் உள்நுழைய முடியாதபடி செய்து, ஆதார் வழிச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் அவற்றை ஏற்றது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளையே தடை செய்தது. பெரியவர்களின் கடனையும் உயிரையும் மனத்தில் வைத்து வந்த சட்டங்கள் இவை, தேவையானவை. பிள்ளைகள் ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளில் வெல்வதற்குப் பணம் இல்லை, விளையாட்டுக்குள் பயன்படுத்தக் காசு கொடுத்து வாங்குவதற்கு உடுப்பும் வைரமும் உண்டு. திரும்பப் பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு இல்லாததால் அவை இந்தத் தடைக்குள் வருவதில்லை. அவற்றுக்குப் பணம் கட்டும்போது ஓ.டி.பி. வருவதோ பிள்ளையின் கையிலேயே இருக்கும் அம்மாவின் போனுக்கு.

2023-ஆம் ஆண்டின் எண்ணிம (டிஜிட்டல்) தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் விரிவானது. 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் அதன்படி குழந்தைகள்; அவர்களின் தரவைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும்; அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது; மீறினால் 200 கோடி ரூபாய் வரை தண்டம். விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஒப்புதல் தொடர்பான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. 2025 டிசம்பர் 10 முதல் 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கத் தடை விதித்த ஆஸ்திரேலியாவைப் பார்த்து, இங்கும் அப்படி வேண்டும் என்ற குரல்களும் எழுந்துள்ளன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே அனுமானம் இருக்கிறது: கணக்கு வைத்திருப்பவரே பார்ப்பவர். அம்மாவின் போனில் இது தலைகீழ். கைக்குழந்தை பார்த்தாலும், நிறுவனத்தின் பதிவேட்டில் பார்ப்பவர் முப்பத்து நான்கு வயதுப் பெண். ஒப்புதல் கேட்க வேண்டிய ‘குழந்தை’ அங்கே இல்லவே இல்லை. ஆஸ்திரேலியச் சட்டமும் கணக்குத் தொடங்குவதைத்தான் தடுக்கிறது. கணக்கில் நுழையாமல் யூடியூப் பார்ப்பதை அது தடுப்பதில்லை.

அந்த மாலை நேரத்தை வேறு விதமாக நிரப்பிப் பார்த்த ஒரு முயற்சி நம்மிடம் உண்டு. பெருந்தொற்றுக் கால இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள் தெருவிலேயே ஒரு தன்னார்வலரைச் சுற்றி இருபது பிள்ளைகளை உட்கார வைத்தது. வந்தவர்கள் பெரும்பாலும் அதே தெருவின் பெண்கள். ஒன்றரை ஆண்டுகள் திரை வழியாக அனுப்பிப் பார்த்த பாடத்தை, கடைசியில் ஆளை அனுப்பித்தான் அரசு ஈடுகட்ட வேண்டியிருந்தது. இழப்பை ஈடுகட்ட வந்த திட்டம் என்பதால் பின்னர் அது படிப்படியாகச் சுருங்கியது.

பள்ளிகள் திறந்த பிறகும் வாட்ஸ்அப் வீட்டுப்பாடம் நிற்கவில்லை. பிள்ளை மாலையில் போனைக் கேட்கும்போது பெற்றோரால் மறுக்க முடியாத ஒரே காரணம் அதுதான். பத்து நிமிடப் பார்வைக்கு வாங்கிய போன் ஒன்றரை மணி நேரம் கழித்துத் திரும்புகிறது. கடைசிப் பீரியடின் இறுதியில் கரும்பலகையில் எழுதிப் போட்டு, பிள்ளைகள் டைரியில் எழுதிக்கொண்டு போன வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவரச் சட்டமோ செயலியோ வேண்டாம், பத்து நிமிடம் போதும். அந்தப் பத்து நிமிடத்தை ஏன் ஒதுக்க முடிவதில்லை என்று அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கேட்டால் அவர்கள் தங்கள் போனைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்: மாணவர் வருகைப் பதிவு செயலியில், தகவல் உள்ளீடு கல்வித் துறையின் ‘எமிஸ்’ இணையதளத்தில், மேலிடத்து அறிவிப்பு வாட்ஸ்அப்பில். அந்தப் போனும் பள்ளி கொடுத்ததன்று. ஆசிரியர் சொந்தக் காசில் வாங்கியது, மாலையில் அவர் வீட்டிலும் ஒரு பிள்ளை அதற்காகக் காத்திருக்கும்.